இருபது ழ

மார்ச் 9, சனி

காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். நேற்றைய சிவராத்திரி விழிப்பு, கண் எரிவு. கடலேரிப் பக்கம் காற்றே இல்லை. ஃபான் மட்டும் முனகிக்கொண்டு சுற்றுகிறது.

திருத்த மேசையில் கிடப்பவை:
– காது மெசின் இரண்டு (ஒன்றில் பற்றரிக் கதவு உடைவு)
– நெபுலைசர், மூடி இல்லாமல்
– வீட்டுக்காரரின் சிநேகிதருடைய மீன் பார்க்கும் கருவி. உப்புத் தண்ணீர் குடித்தது. தப்பாது.
– பர்வீனின் பிறெயில் மெசின். இரண்டாம் முறை.

இரண்டாம் முறை என்று எழுதும்போதே எரிச்சல். என் மேல்தான்.

எழுதி வைத்தால் மூளை தெளியும். கண் தெரியாதவர்கள் விரலால் வாசிக்கும் மெசின் இது. கொம்பியூட்டரில் உள்ள எழுத்தை ஒரு வரியில் இருபதாகப் புள்ளி புள்ளியாய் எழுப்பிக் காட்டும். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் ஒரு பீசோக் கீற்று. மின் கொடுத்தால் வளைந்து புள்ளியைத் தூக்கும் பீங்கான். அதற்கு இருநூறு வோல்ற் வேண்டும். யூஎஸ்பி வயரில் வருவது ஐந்து. ஐந்தை இருநூறாக ஏற்ற உள்ளே ஒரு விரல் நகம் அளவுச் சுற்று. அவ்வளவுதான் மெசின்.

போன கிழமை பர்வீன் கொண்டுவந்தாள். செருகினேன், தட்டினேன், புள்ளி எழும்பியது. மீற்றரில் 198. ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா, இங்கிலீஷ் வாசிக்கலாம். தமிழ் வந்தா சில வரியிலை புள்ளி மெத்தெண்டு கிடக்குது. பிறகு செத்துப்போகுது."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். "மீற்றர் பொய் சொல்லாது பர்வீன். கனநாள் தமிழ் வாசிக்காட்டி விரல் மறந்துபோயிருக்கும்." ஐந்து வயதிலிருந்து தமிழ் பிறெயில் வாசிக்கிற ஒருத்திக்கு. அவள் மெசினைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். இன்று அதே துணி, அதே முடிச்சு.

வரும் வெள்ளி அவளுக்குப் பரீட்சை. மொழிபெயர்ப்பாளர் வேலை. பென்ட்ரைவில் ஒரு தமிழ்ப் பகுதி கொடுப்பார்கள். அதை உரக்க வாசித்து, பிறகு சிங்களத்தில் சொல்ல வேண்டும். சொந்த மெசின் கொண்டுபோகலாம், காதில் கேட்கும் கருவி கூடாது, வாசித்துக் காட்ட ஆள் கூடாது. சிங்களம் அவளுக்குப் புத்தளத்தில் வளர்ந்த கொடை. வயதெல்லை முப்பத்தைந்து. அவளுக்கு வைகாசியில் முப்பத்தாறு. அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

ஆறு நாள். அதில் ஒன்று போய்விட்டது.

மார்ச் 10, ஞாயிறு

முழு நாளும் அதோடு. மூடியைக் கழற்றினேன். பலகையில் உப்புப் பூத்திருக்கும் என்று நினைத்தேன், கொழும்புத்துறையில் எதில்தான் பூக்கவில்லை. ஸ்பிரிற் பூசித் துடைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவள் சோனகதெருவில் அல்லவா இருக்கிறாள், இந்தக் காற்று அங்கே போகாது.

சந்தேகப் பட்டியல்:
1. யூஎஸ்பி வயர். மாற்றியாயிற்று. வித்தியாசம் இல்லை.
2. கொம்பியூட்டர் போதிய கறண்ட் கொடுக்கவில்லையோ. போன் சார்ஜரிலிருந்து தனிக் கறண்ட் கொடுத்துப் பார்த்தாயிற்று. அதே.
3. ஏதாவது கீற்று உடைந்து கசிகிறதோ. இல்லை. மீற்றர் அசையவே இல்லை.

198. 198. 198.

எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது. hello testing. எழும்புகிறது. அழிக்கிறேன், விழுகிறது. மறுபடி தட்டினால் மறுபடி எழும்புகிறது. நல்ல பிள்ளை.

இவர் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டு முற்றத்தில். "நல்லாத்தானே வேலை செய்யுது. ஏன் அதோடை மாரடிக்கிறாய்?"

"நல்லாயிருந்தா அவள் ஏன் திருப்பிக் கொண்டாறாள்?"

"அதை அவளிட்டையெல்லோ கேக்கோணும்."

கோபம் வந்தது. சரியாகச் சொன்னார் என்பதால் வந்த கோபம். மூன்று தரம் கேற்றடிக்குப் போய் வந்தேன், யாரையும் எதிர்பார்த்தல்ல.

கம்பியில் கை பட்டு ஒரு சுள். இருநூறு வோல்ற், ஆனால் ஆளை அடிக்கிற பலம் அதில் இல்லை. இருக்கிறேன் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

பர்வீனுக்குப் போன். நாளை வரச் சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்

ப. ஓட்டோவில் வந்தாள். வெள்ளைப் பிரம்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மேசை முன் இருந்தாள். மெசினை இழுத்து அவள் பக்கம் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. மீற்றர் கம்பியைத் தேடுகிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

அவள் தன் பென்ட்ரைவைச் செருகினாள். ஏதோ பழைய செய்திக் கட்டுரை. விரல் ஓடியது. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் விரல் நின்றது.

"இந்தா. தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். புள்ளிகள் பாதி எழும்பி நின்றன. அமுக்கினால் தாழ்ந்தன. பிறகு 'கிச்' என்று ஒரு சத்தம், எல்லாம் விழுந்தன. மறுபடி எழும்பப் பார்த்து மறுபடி விழுந்தன. மீற்றரைப் பார்த்தேன். 198 என்று காட்டி, ஒரு கணம் எண் குழம்பி, மறுபடி 198. அந்தக் குழப்பத்தை நான் போன கிழமையும் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன வரி அது?"

"'வாழைத்தோட்டத்துக்கு யாழ்ப்பாண...' அதோடை நிண்டுட்டுது."

"எந்த எழுத்திலை?"

"எழுத்திலை இல்லை அக்கா. இந்த மாதிரி எழுத்துக் கூடி வந்தாத்தான். ழ, ட, ற, ய. எல்லாம் அஞ்சு புள்ளிக்காரர்."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கீற்று. எழும்புகிற ஒவ்வொரு கீற்றும் ஒரு மிடறு மின் குடிக்கும். எழும்பி நின்ற பிறகு ஒன்றும் வேண்டாம். ஆகவே கஷ்டம் எழும்புகிற அந்த நொடியில் மட்டும்தான். மீற்றர் ஆறுதலாகப் பார்க்கிற சாமான். அந்த நொடி அதற்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

அவளிடம் கேட்டு எண்ணினேன். hello testing: முப்பத்தேழு புள்ளி. 'ழ'வால் ஒரு வரி நிரப்பினால்: நூறு.

ஞாயிறு முழுக்க நான் முப்பத்தேழு புள்ளியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு மெசின் நல்லது என்றிருக்கிறேன். தமிழில் ஒரு சொல் தட்டவில்லை. ஏன்? யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கோயிலில் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவனும் தேவாரம் போட வந்துவிட்டு 'ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங்' என்றுதான் தொடங்குவான். நாங்கள் எதையும் தமிழில் சோதிப்பதில்லை. சோதனை என்றால் இங்கிலீஷ். பாவிப்பது மட்டும் தமிழ்.

ப. மெசினைத் தட்டிச் சிரித்தாள். "உவர் பெரிய இடத்துப் பிள்ளை போலை. இங்கிலீஷ் மட்டும்தான் பிடிக்குது."

"நீர் 'ழ'வை இப்பிடி அழுத்திச் சொல்லுறீர், புத்தளத்திலை வளந்தனீர் எண்டு ஆர் நம்புவினம்?"

"வாப்பா விடமாட்டார் அக்கா. தொண்ணூறிலை யாழ்ப்பாணத்தாலை கலைபட்டு வரேக்கை ஒரு பையும் நாக்கும்தான் கொண்டு வந்தனாங்கள் எண்டு சொல்லுவார். ழ பிழைச்சா அண்டைக்கு வீட்டிலை பேச்சுத்தான்."

அலுமாரிக்கு மேல் கிடந்த ஒசிலோஸ்கோப்பை, நொடிக்குள் மின் ஏறி இறங்குவதைக் கோடாய்க் காட்டும் கருவியை, எடுத்தேன். சின்னச் சீனத்துச் சாமான், எடுக்கச் சோம்பல்பட்டு இத்தனை நாள் தூசி. அவள் 'ழ' இருபது தட்டினாள். கோடு 198இலிருந்து பள்ளத்தில் விழுந்தது. 55. தொண்ணூறுக்குக் கீழே போனால் சுற்று பயந்து தன்னைத் தானே நிறுத்திவிடும். அதுதான் அந்தக் 'கிச்'. hello testingக்கு 110. மயிரிழையில் தப்பியிருக்கிறது.

இனி இதுதான் என் சோதனை வரி. இருபது ழ.

ப. போகும்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன பிறவி நான்.

மார்ச் 12, செவ்வாய்

மேகம் போலத் தெரிந்தது. ஏமாற்று.

ஏற்றும் சுற்று கிணற்று மோட்டர் என்றால், அதற்குப் பக்கத்தில் இருக்கிற கப்பாசிற்றர் தண்ணீர்த் தாங்கி. மோட்டர் சின்னது, மெல்ல மெல்ல நிரப்பும். எல்லாப் பைப்பையும் ஒரேயடியாகத் திறந்தால் தாங்கிதான் கொடுக்க வேண்டும். தாங்கியைக் கழற்றி அளந்தேன். 2.2 மைக்ரோஃபரட் என்று எழுதியிருக்கிறது. இருப்பது 0.2. உள்ளே வறண்டுவிட்டது. தாங்கியில் ஒரு வாளித் தண்ணீர்தான் மிச்சம்.

மேசை லாச்சியில் அதே அளவில் ஒரு பீங்கான் கப்பாசிற்றர் இருந்தது. 2.2, 250 வோல்ற். அரிசி அளவு. ஈயம் ஒற்றி முடிக்கும்போது பத்து மணி. அவசரத்தில் ப.வுக்குப் போன் எடுத்து வரச் சொல்லிவிட்டேன். என் அவசரம் எனக்கே பிடிக்காது.

வந்தாள். பிளேன்ரீ ஊற்றிக் கையில் கொடுத்தேன். அவள் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தாள். பிறகு, "அக்கா, இண்டைக்கு நோன்பு தொடங்கீட்டுது." காலண்டர் என் தலைக்கு நேரே தொங்குகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு கோப்பையை வாங்கி நானே குடித்தேன். அவளுக்கு முன்னால். அதுவும் பிழை என்று குடித்து முடித்த பிறகுதான் பட்டது.

இருபது ழ. எழும்பின. ஒரு நொடி நின்றன. கிச்.

ஒசிலோஸ்கோப்பில் 88. இரண்டு வோல்ற்றில் போயிற்று. பாதி வரி என்றால் நிற்கிறது. முழு வரி இல்லை.

இருபத்தொரு வருடமாக ஈயம் ஒற்றுகிறேன். இந்த வகைப் பீங்கான் உயர்ந்த அழுத்தத்தில் தன் கொள்ளளவை இழந்துவிடும் என்று தெரியாதா? தெரியும். வெறுமனே அளந்தால் 2.2. இருநூறு வோல்ற்றில் நிறுத்தினால் கால்வாசியும் இல்லை. மரியாதை கொடுக்கும்வரை பெரிய ஆள், வேலை வந்தால் காணாமல் போகிறவர். சொந்தத்திலும் இரண்டு பேர் உண்டு.

"பறவாயில்லை அக்கா," என்றாள் ப. "முந்தி மூண்டு வரிக்கு ஒருக்கால் விழும். இப்ப பத்துக்கு ஒருக்கால்."

"பரீட்சையிலை அந்தப் பத்தாவது வரி வந்தா?"

பிரம்பை விரித்தாள்.

பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் சொல்லித் தந்த புள்ளிக் கணக்கைத் தாளில் எழுதி வைத்து, கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் எண்ணினேன். சுகந்தி, என் பெயர்: பதினெட்டுப் புள்ளி. பர்வீன்: அதுவும் பதினெட்டு. சும்மாதான் எண்ணினேன்.

மார்ச் 13, புதன்

கொழும்புக் கடைக்குக் காலையே போன். பிலிம் கப்பாசிற்றர், அழுத்தம் கூடினாலும் குறையாத வகை. இருக்கிறதாம். மாலை பஸ்ஸில் போடுகிறார்களாம், விடிய யாழ்ப்பாணத்தில். நிம்மதி. அரை மணி நேரத்துக்கு.

இவர் சந்தையிலிருந்து வந்தார். "நாளைக்கு ஹர்த்தாலாம். பஸ் ஒண்டும் ஓடாது."

மறுபடி கொழும்புக்கு. வவுனியாவோடு பார்சல் நிற்குமாம், வெள்ளி மத்தியானம் வருமாம். பரீட்சை வெள்ளி ஒன்பது மணிக்கு.

சும்மா இருக்க முடியவில்லை. பழைய கமராவின் ஃபிளாஷை உடைத்து அதிலிருந்த கப்பாசிற்றரை எடுத்தேன். 100, 330 வோல்ற். நாற்பது தாங்கி சேர்ந்தாலும் இதற்கு ஈடில்லை. பூட்டினேன். மெசின் எழும்பவே இல்லை. விளக்கு ஒருமுறை மின்னி அணைகிறது, மறுபடி மின்னி அணைகிறது. அந்தச் சின்னச் சுற்று இத்தனை பெரிய தாங்கியை நிரப்பப் பார்த்து, முடியாமல், எங்கோ சோட்டாகிவிட்டது என்று நினைத்து நின்றுவிடுகிறது.

இவர் எட்டிப் பார்த்தார். என்னவென்று சொன்னேன்.

"குருவி தலையிலை பனங்காய்," என்றார்.

அதற்கு மேல் இந்த விஷயத்தில் எழுத ஒன்றும் இல்லை. அதைக் கழற்றும்போது திருகாணிச் சாவி பட்டு ஒரு பொறி, நுனி கருகிவிட்டது. மிச்சமாக இருந்த மின்னே அவ்வளவு. இது விளையாட்டுச் சாமான் இல்லை, அவள் விரல் வைக்கிற மெசின். உடனே நேற்றைய பீங்கானையே திருப்பிப் பூட்டினேன்.

இரவுச் சாப்பாடு புட்டும் நண்டும். ருசி தெரியவில்லை.

மார்ச் 14, வியாழன்

ஹர்த்தால். றோட்டில் நாய்கள் மட்டும். கடை எல்லாம் பூட்டு. இவர் கடலுக்குப் போகவில்லை, பாயை விரித்து ஃபானுக்குக் கீழே படுத்திருக்கிறார். நான் நடக்கிறேன். முன்னறை, குசினி, கிணற்றடி, முன்னறை.

"ஒரு இடத்திலை இரன். பாக்கவே தலை சுத்துது."

"உங்கடை தலை சுத்தேல்லை, ஃபான்தான் சுத்துது" என்று சொல்லிக்கொண்டே மேலே பார்த்தேன்.

ஃபான்.

ஒவ்வொரு ஃபானுக்குள்ளும் ஒரு கப்பாசிற்றர் இருக்கிறது. 2.5. நானூற்று நாற்பது வோல்ற் தாங்கும். பிலிம் வகை. கொழும்பிலிருந்து வர வேண்டியது ஐந்து நாளாக என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"எழும்புங்கோ."

"ஏன்?"

"ஃபானைக் கழட்டப்போறன்."

இவர் எழும்பவில்லை. பங்குனி வெயிலில் ஃபானைக் கழற்றுகிற பெண்சாதி உலகத்தில் உண்டா என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். நான் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுக் கதிரையைக் கொண்டுவந்தேன். முணுமுணுத்தபடியே வந்து கதிரையைப் பிடித்தார். மேல் கோப்பையைக் கழற்றினால் சிலந்தி வலைக்குள் அது. வெள்ளைப் பெட்டி, தீப்பெட்டியிலும் கொஞ்சம் பெரிது. அளந்தேன். 2.4. எட்டு வருடம் சுற்றியும் குறையவில்லை.

மெசினுக்குள் கொள்ளாது. வெளியே இரண்டு வயர் இழுத்து, பெட்டியை மெசினின் முதுகில் வைத்து, மேலே கறுப்பு ஒட்டு ரேப். நிறுத்தினால் மின் தானே வடிந்துபோக ஒரு தடையும் பூட்டினேன், நேற்றைய பொறி நினைவில் இருந்தது. ரேப் பிடிக்காது என்று இவர் தங்கூசி நைலோன் நூல் கொண்டுவந்து வலைக்குப் போடுகிற முடிச்சில் கட்டினார். அசைத்துப் பார்த்தேன். இறுக்கம்.

இருபது ழ.

நூறு புள்ளியும் எழும்பின. நின்றன. 165. அழித்துத் திருப்பித் தட்டினேன். 165. இருபது ட. 165. ஐம்பது தரம். ஒரு 'கிச்' இல்லை.

நான் அழுதேன். இவர் ஃபான் போனதற்கு அழுகிறேன் என்று பகிடி விட்டார்.

பின்னேரம் சைக்கிளில் சோனகதெருவுக்கு. ஆளில்லாத றோட்டு, ஒருவிதத்தில் நல்லது. ப.வின் உம்மா கேற்றைத் திறந்தார். ப. மெசினை மடியில் வைத்து முதலில் முதுகைத் தடவினாள்.

"இதென்ன, குட்டி போட்டிருக்கு?"

"எங்கடை வீட்டு ஃபான்ரை சாமான்."

வாசித்தாள். வரி வரியாக. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் நிற்கவில்லை.

அப்போது சொன்னேன். "பர்வீன், விரல் மறந்துபோச்செண்டு சொன்னது என்ரை பிழை. மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் விரலை எடுக்காமலே சொன்னாள். "நீங்கள் சொன்னாப் பிறகு எனக்கும் பயம் பிடிச்சிட்டுது. பள்ளிக்கூடக் காலத்துப் புத்தகத்தையெல்லாம் எடுத்து வாசிச்சுப் பாத்தன். எல்லாம் வாசிக்குது. அப்பவும் நம்பேல்லை. மெசின் பிழைச்சா திருத்தலாம். விரல் பிழைச்சா நான் எங்கை கொண்டுபோறது, அக்கா?"

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். உம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்தார். இந்த முறை அவளோடு சேர்ந்து குடித்தேன்.

மார்ச் 15, வெள்ளி

ஃபான் இல்லாத வீடு. விடியவே வியர்வை.

8.40. போன். ப.

"அக்கா, உள்ளை விடினமில்லை. முதுகிலை கட்டியிருக்கிறது என்னெண்டு கேக்கினம்."

பெட்டி, வயர், கறுப்பு ரேப், தங்கூசி முடிச்சு. இந்த ஊரில் அரச கட்டட வாசலில் அப்படி ஒன்றைக் கண்டால் யாரும் கேட்பார்கள். எனக்கு ஏன் தோன்றவில்லை? புள்ளி புள்ளி என்று நாலு நாளாகக் குனிந்தே இருந்தவளுக்கு எப்படித் தோன்றும்.

"ஆளிட்டைக் குடும்."

ஒரு ஆண் குரல். தமிழ்தான். "இதென்னம்மா இது?"

"ஐயா, அது ஃபான் கப்பாசிற்றர்."

"ஃபானோ?"

"ஓம். நீங்கள் இப்ப இருக்கிற இடத்திலை மேலை ஒரு ஃபான் சுத்துதோ?"

கதிரை ஒன்று கிறீச்சிட்டது. மேலே பார்க்கிறார் போலும்.

"சுத்துது."

"அதுக்குள்ளையும் இதுதான் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கிற மெசின் அது. இதில்லாட்டி எழுத்து எழும்பாது ஐயா. ஒன்பது மணிக்குப் பரீட்சை."

யாரோ பின்னால், "எங்கடை வீட்டிலையும் உது போன மாதம் மாத்தினது" என்றார்கள். பிறகு ப.வின் குரல், அவசரமாக: "விட்டாச்சு அக்கா, வைக்கிறன்." 8.52.

9.00. தொடங்கியிருக்கும்.

9.30. காது மெசின் ஒன்று எடுத்தேன், வைத்தேன்.

10.15. மழை வரும் போல இருட்டி, வரவில்லை. இவர் எங்கோ போய் பனையோலை விசிறி ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

11.00. பகுதி எதைப் பற்றி இருக்கும்? சட்டமா, விவசாயமா? வாழை என்றால் ழ. பழம் என்றால் ழ. தமிழ் என்றாலே ழ. முழு வரியும் ஐந்து புள்ளிக்காரராக வந்தால் 165, ஆனால் அங்கே அது யாருடைய கொம்பியூட்டர், எவ்வளவு கறண்ட் கொடுக்கும்? இதை நான் பார்க்கவில்லையே. இதை நான் பார்க்கவே இல்லை.

11.40. கேற்றடி.

12.05. கொழும்புப் பார்சல் வந்தது. பிரிக்கவில்லை.

12.20. போன்.

"முடிஞ்சுது அக்கா."

"விழுந்துதோ?"

"இல்லை."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்."

"எத்தினை ழ வந்தது?"

போனில் மூச்சு விட்டு விட்டு வந்தது. சிரிக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"எண்ணேல்லை அக்கா. நான் வாசிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்."